மணியடிக்க ஒரு பெண்

அம்பத்தூர்,
13 அக்டோபர் 2025

அன்புள்ள ஹெலினா,

உன் போனில் அண்ணன் எண்ணுக்கு இடமில்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். மருந்துச்சீட்டைத் தவிர நான் கையால் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்து புரியாவிட்டால் ஏதாவது மருந்துக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொல். நம் மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஏகாம்பரத்துக்கு அண்ணனூரில் வீடு. வேலை முடிந்து ஆவடி வரைக்கும் வந்து உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். கவரை வாங்கும்போது, "இன்னா சார், ஒரே வயித்துல பொறந்துட்டு போன்ல பேசிக்கினா ஆவாதா? என்னியப் போயி தபால்காரன் ஆக்கிக்கினு கீறீங்க" என்று கேட்டார். உனக்குப் பதில் தெரிந்தால் சொல்லு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடு நவம்பர் 22, சனிக்கிழமை. வேலப்பன்சாவடி பக்கம் ஓர் ஓட்டலில் நடக்கிறது, அமைப்புச் செயலாளர் அடியேன். இந்த வருஷம் 'பாதுகாப்பான தாய்மை' என்று தலைப்பு. பேச்சாளர்கள் எல்லோரும் முடிவாகிவிட்டார்கள், அழைப்பிதழ் ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் எவனோ போன வருஷ மேடைப் படத்தை எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். கோட்டு போட்டவர்கள் வரிசையாக நிற்கிறோம், ஓரத்தில் ஒரே ஒரு பட்டுப்புடவை. அந்த அம்மாவும் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்தவர். கீழே ஒருத்தி, 'இது மருத்துவ மாநாடா, மாப்பிள்ளை அழைப்பா?' என்று கேட்டிருக்கிறாள். அதையே ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். இந்த வருஷம் சிறப்பு விருந்தினராக வருகிற அரசுச் செயலாளரும் ஒரு பெண்மணி. அவர் கண்ணிலும் அது பட்டிருக்கிறது. நம் தலைவருக்கு உதறல் எடுத்துவிட்டது. "எப்படியாவது ஒரு லேடி ஸ்பீக்கரைப் பிடிங்க மேக்ஸ்வெல்" என்றார்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு நிமிடம். 'பெண் மருத்துவர்: வீடும் பணியும்' என்று பேசிவிடு. இரண்டு வருஷக் கோபத்தை எட்டு நிமிடத்துக்கு ஒத்திவைக்க முடியாதா? நம் தங்கை ஜெபாவுக்கும் பிரசவ நாள் நெருங்குகிறது. குழந்தை பிறக்கும்போது மாமாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

உன் அண்ணன்,
மேக்ஸ்வெல்


ஆவடி,
16 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இனியும் எழுதுவதாக இருந்தால் காகிதத்திலேயே எழுதுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பிரசவத்துக்கு வந்த எல்லம்மா இறந்த அன்று, மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில், 'மாடியில் சிஸ்டர் எங்கே, ஏன் யாருமே பார்க்கவில்லை?' என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். நான் படித்து முடிப்பதற்குள் அதை அழித்தும் விட்டீர்கள். என் பீரோவில் இருக்கும் காகிதத்தை அப்படி அழிக்க முடியாது.

வீடும் பணியும் என்று பேச நல்ல ஆளைப் பிடித்தீர்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். எனக்கு வீடு என்று இருப்பது ஒரு பூனையும், மழை பெய்தால் தண்ணீர் ஏறுகிற படிக்கட்டும்தான். பணி என்பது பூந்தமல்லியிலும் வேப்பம்பட்டிலும் சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களுக்கு ஓடிப்போய் மயக்க மருந்து கொடுப்பது. இதில் எட்டு நிமிடம் பேச என்ன இருக்கிறது?

உங்கள் பேச்சாளர் பட்டியலை கிருஷ்ணப்பிரியா காட்டினாள். பிரசவ வலியைப் பற்றிப் பேச ஓர் எலும்பு மருத்துவர். தாய்ப்பாலைப் பற்றிப் பேச இன்னொரு ஆண். தாய்மைக்கு ஒரு மாநாடு, அதில் தாயாகக் கூடியவள் ஒருத்திகூட மேடையில் இல்லை. உங்கள் மருத்துவமனையில் பிரசவங்களில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பது கிருஷ்ணப்பிரியா. அவளுக்கு நீங்கள் கொடுத்திருப்பது கடவுள் வாழ்த்து. குரல் நன்றாக இருக்கிறதாம்.

நான் பேசுகிறேன், ஆனால் என் தலைப்பு வேறு: 'பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு மணி நேரம்.' எல்லம்மாவுக்கு மயக்க மருந்து கொடுத்தவள் நான். அறுவை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அவளைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய ரெகவரி அறையில், நீங்களும் உங்கள் கூட்டாளி டாக்டர் அமல்ராஜும் ஸ்கேன் இயந்திரத்தை நிறுத்தியிருந்தீர்கள். அரை மணி நேரத்தில் அவளை மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். போர்வைக்கு அடியில் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது, போர்வையைத் தூக்கிப் பார்க்க ஆளில்லை.

இதை நான் கூட்டத்தில் சொன்னபோது நீங்கள் சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை. "மயக்கம் கொடுக்கறதோட உன் வேலை முடிஞ்சுது ஹெலினா, எழுப்பற வேலையை நாங்க பாத்துக்கறோம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்றே ராஜினாமா செய்தேன். அன்றிலிருந்து நீங்கள் கோயிலில் முதல் ஆராதனைக்குப் போகிறீர்கள், நான் இரண்டாவதுக்குப் போகிறேன்.

பேசினால் இதைத்தான் பேசுவேன்.

ஹெலினா


அம்பத்தூர்,
23 அக்டோபர் 2025

அன்புள்ள ஹெலினா,

அப்பாடா, உன் கோபம் குறையாமல் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. நீ சாந்தமாக எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

உன் தலைப்பைக் குழுவில் வைத்தேன். "நல்ல தலைப்பு" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அமல்ராஜ்கூட எழுதி வைத்துக்கொண்டார். எந்த மருத்துவமனை, எந்த நோயாளி என்று பெயர் சொல்லாமல் பொதுவாகப் பேசினால் போதும். மற்றதை என்னிடம் விடு.

பெண்களை நாங்கள் ஒதுக்குகிறோம் என்று நீ நினைக்கிறாய். கூப்பிட்டால் யார் வருகிறார்கள்? ஒருத்திக்கு மாமியார், இன்னொருத்திக்குப் பிள்ளைக்குப் பரீட்சை. ஆண்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிறார்கள். இதில் என் தப்பு என்ன சொல்லு.

ஜெபா விஷயம். குழந்தை இன்னும் தலை திரும்பவில்லை, அறுவைதான் என்று கிருஷ்ணப்பிரியா சொல்லிவிட்டாள். ஜெபாவே நாள் குறித்திருக்கிறாள், எந்த நாள் தெரியுமா? நவம்பர் 22 காலை. அன்றைக்கு மாநாடாச்சே என்றேன். "அதான்ணா, அன்னிக்குதான் நீயும் அக்காவும் ஒரே பக்கம் இருப்பீங்க. நான் கண்ணைத் திறந்து பாக்கும்போது ரெண்டு பேர் முகமும் தெரியணும்" என்றாள். நூம்பலில் ஃபிளாட் வாங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை பார்க்கிறாள், இன்னும் கடைக்குட்டிப் பேச்சுதான். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

மேக்ஸ்வெல்


ஆவடி,
3 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

அச்சடித்த அழைப்பிதழ் இன்று வந்தது. வழவழப்பான காகிதம், நல்ல செலவு செய்திருக்கிறீர்கள்.

'பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு மணி நேரம்.' என் தலைப்பு அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்து மாறவில்லை. பேசுகிறவர் மட்டும் டாக்டர் அமல்ராஜ். ரெகவரி அறையில் ஸ்கேன் இயந்திரம் வைத்தவர் ரெகவரியைப் பற்றிப் பேசுகிறார். எழுதி வைத்துக்கொண்டார் என்று நீங்கள் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் பெயரையும் தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 'நேரக் கண்காணிப்பு: டாக்டர் செல்வி ஹெலினா.' ஆண்களுக்கெல்லாம் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டத்தை எடுத்துவிட்டு, கல்யாணம் ஆகவில்லை என்பதைப் போட்டிருக்கிறீர்கள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் நேரம் முடிந்ததும் மணியடிக்க வேண்டும், அப்படித்தானே? படத்துக்கு ஒரு புடவை கிடைத்துவிட்டது.

நான் வருகிறேன். அமல்ராஜ் பேசி முடித்ததும், கேள்வி கேட்பதற்காகக் கீழே வைத்திருக்கும் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்பேன். செயலாளர் அம்மா முன்னால் எல்லம்மாவைப் பற்றிக் கேட்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெபாவைப் பார்க்க நூம்பலுக்குப் போயிருந்தேன். வேறு எந்த மருத்துவமனைக்காவது போகலாம், நானே கூட இருக்கிறேன் என்று கெஞ்சினேன். "அண்ணன் ஆஸ்பத்திரி இருக்கும்போது வேற எங்கயோ போய்ப் படுத்தா, நான் அவர் முகத்துல எப்படி முழிக்கறது? நீங்க சண்டை போட என் வயிறுதான் கிடைச்சுதாக்கா?" என்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொல்ல வெட்கமில்லை. அதே மருத்துவமனை, அதே மூன்றாவது மாடி. எனக்கு ராத்திரியில் அந்தப் போர்வைதான் கண்ணுக்குள் வருகிறது.

ஹெலினா


அம்பத்தூர்,
7 நவம்பர் 2025

ஹெலினாவுக்கு,

இதை நான் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், நீ எழுத வைக்கிறாய்.

அமல்ராஜுக்குத் தலைப்பு போனது என் முடிவு இல்லை. 'செயலாளர் வரும் நேரம், அனுபவசாலியாக இருக்கட்டும்' என்று தலைவர் சொல்லிவிட்டார். உன் பெயரை முழுசாக எடுக்கச் சொன்னார்கள், நான் சண்டை போட்டு மணியையாவது வாங்கிக் கொடுத்தேன். அதற்கு நன்றி எதிர்பார்க்கவில்லை.

கேள்வி கேட்பாயோ? கேள். அடுத்த நாளிலிருந்து என்ன நடக்கும் என்றும் யோசித்துக்கொள். உன்னை மயக்க மருந்து கொடுக்கக் கூப்பிடுகிற பூந்தமல்லிக்காரர், திருநின்றவூர்க்காரர், வேப்பம்பட்டுக்காரர் எல்லோருமே சங்கத்து உறுப்பினர்கள். அவர்கள் உன்மேல் கோபப்பட மாட்டார்கள், கூப்பிட மறந்துவிடுவார்கள். எல்லம்மாவின் ஃபைலில் மயக்க மருந்துக்குக் கீழே இருப்பது உன் கையெழுத்து என்பதையும் நினைவில் வை. நான் மிரட்டவில்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதைச் சொல்கிறேன்.

இந்த நிலையில் ஜெபாவை இழுக்காதே. அவள் எனக்கும் தங்கைதான். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் நான்.

ஒரு வழி சொல்கிறேன். அன்றைக்கு நீ மேடையில் உட்கார்ந்து மணியடி. கேள்வி வேண்டாம், எல்லம்மா பெயர் வேண்டாம். பதிலுக்கு ஜெபாவின் அறையில் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று நீயே எழுதிக் கொடு. யார் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எல்லாம் நீ சொல்கிறபடி. வரிக்கு வரி செய்கிறேன். இந்த மருத்துவமனையில் வேறு எவருக்கும் நான் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

யோசித்துச் சொல்.

மேக்ஸ்வெல்


ஆவடி,
11 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

நான்கு நாள் யோசித்தேன். மேடையா ஜெபாவா என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன் என்று உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கேட்டீர்கள்.

சரி. மணியடிக்கிறேன், கேள்வி கேட்கமாட்டேன். என் நிபந்தனைகளைக் கீழே எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி வரிக்கு வரி நடக்க வேண்டும்.

ஜெபாவுக்குத் தனியாக ஒரு நர்ஸ். அது கெங்கம்மாளாக இருக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம். அந்த மாடியில் ரத்தப்போக்கைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எல்லம்மா இறந்த அன்று அவர் விடுமுறையில் இருந்தார்.

கால் மணிக்கு ஒரு தரம் நாடி, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு மூன்றையும் பார்க்க வேண்டும், போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

காலையில் அறுவை முடிந்து மதியம் வரை நான் ஜெபா பக்கத்தில் இருப்பேன். நான் ஓட்டலுக்குக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை கெங்கம்மாள் அந்த அறையை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. இதை நீங்களே உங்கள் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் வாய் வார்த்தைக்குத்தான் அங்கே மரியாதை.

ஹெலினா


அம்பத்தூர்,
15 நவம்பர் 2025

அன்புள்ள ஹெலினா,

மனசு லேசாகிவிட்டது. நம் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விஷயம் கிடைத்து எவ்வளவு நாளாயிற்று!

கெங்கம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், உன் வார்த்தைகளிலேயே சொன்னேன். "யார் கூப்பிட்டாலுமா சார்?" என்று இரண்டு தரம் கேட்டார். யார் கூப்பிட்டாலும்தான் என்றேன். அவரை ஜெபாவுக்குக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அந்த மாடிக்கு, போன வாரம் சேர்ந்த பயிற்சிப் பெண் ஒருத்திதான் மிச்சம். ஒரு சாயங்காலம்தானே, பரவாயில்லை.

நான்கு மணிக்குச் செயலாளர் அம்மா வருகிறார். மேடைப் படத்தில் பாதிக்குப் பாதி பெண்கள் தெரிய வேண்டும் என்பது தலைவரின் ஆசை. அதனால் நம் மருத்துவமனைப் பெண் டாக்டர்கள் எல்லோரையும் அரக்குப் பட்டில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். கிருஷ்ணப்பிரியா மட்டும், மதியம் இன்னொரு அறுவை இருக்கிறது என்று முனகினாள். முடித்துவிட்டு நேராக வந்துவிடு, படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். பெரிய மனிதர்கள் வருகிற இடம் என்பதால் ஏகாம்பரமும் ஆம்புலன்சோடு ஓட்டல் வாசலில் நிற்பார்.

உனக்கும் அரக்குப் புடவைதான், மறந்துவிடாதே.

உன் அண்ணன்,
மேக்ஸ்வெல்


ஆவடி,
17 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

சரி. என்னிடம் அரக்கு நிறம் இல்லை, ஜெபாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இரண்டு நாளாக மழை. வாசலில் தண்ணீர் நிற்கிறது. ஏகாம்பரம் முட்டி நனைய வந்து வாங்கிப் போகிறார்.

ஹெலினா


அம்பத்தூர்,
27 நவம்பர் 2025

அன்புள்ள ஹெலினா,

ஜெபா நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்கு நம் அம்மாவின் மூக்கு. நீ தினமும் போய்ப் பார்க்கிறாய் என்றாள். நான் வரும் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுகிறாயாம். இது என்ன புதுக் கோபம்? சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன் அல்லவா?

பக்கத்து அறையில் நடந்தது துரதிர்ஷ்டம். நான் இல்லையென்று சொல்லவில்லை. மகப்பேறில் யாரும் எதிர்பார்க்க முடியாத சிக்கல்கள் உண்டு, உனக்குத் தெரியாததா? ஃபைலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கிருஷ்ணப்பிரியா கையெழுத்துப் போட இன்னும் தயங்குகிறாள், நீ அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். அந்தக் குடும்பத்தோடு பேசியாயிற்று, அமைதியான மனிதர்கள்.

மாநாட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி. மேடைப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. செயலாளர் அம்மா பாராட்டிக் கடிதமே அனுப்பியிருக்கிறார். பிப்ரவரியில் நடக்கும் மாநில மாநாட்டிலும் பேச்சாளர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதில் சிறப்புரை உனக்கு. இருபத்தைந்து நிமிடம், தலைப்பு உன் இஷ்டம், பெயருக்குப் பின்னால் பட்டமும் உண்டு. நீ கேட்டது இதுதானே? கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தாலும் கிடைத்துவிட்டது. நேரக் கண்காணிப்புக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள், உனக்காக நான் மணியடிக்கப் போகிறேன். சிரிப்பாக இல்லை?

சம்மதத்தை எழுதி ஏகாம்பரத்திடம் கொடு. அப்படியே, அக்டோபரிலிருந்து நான் எழுதிய கடிதங்களையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடு. குடும்ப விஷயம் வெளியே கிடக்க வேண்டாம்.

உன் அண்ணன்,
மேக்ஸ்வெல்


ஆவடி,
2 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

அந்தப் படத்தை என் மேஜையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நன்றாக வந்திருக்கிறது. அரக்குப் பட்டு வரிசையில் மூன்றாவதாக கிருஷ்ணப்பிரியா நிற்கிறாள். புடவை கட்டிய அவசரத்தில் மடிப்பு கலைந்திருக்கிறது. கையில் போன் இருக்கிறது, சத்தத்தை அணைத்து வைக்கச் சொன்னது நீங்கள். ஓரத்தில் நான், என் முன்னால் மேஜையில் மணி. எல்லோரும் சிரிக்கிறோம்.

ஃபைலில் நீங்கள் எழுதியதைத் தவிர அன்றைக்கு என்ன நடந்தது என்று ஜெபா சொன்னாள். நான் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டாள்: "அக்கா, நீ மாநாட்டுக்குப் போனப்புறம் பக்கத்து ரூம் பெல் ஏன் அவ்ளோ நேரம் அடிச்சுது?"

சுவருக்கு அந்தப் பக்கம் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்ததாம். போய்ப் பாருங்கள் சிஸ்டர் என்று ஜெபா சொல்லியிருக்கிறாள். கெங்கம்மாள் கதவு வரைக்கும் போனாராம், திரும்பி வந்து உட்கார்ந்தாராம், மறுபடியும் எழுந்தாராம். "சார் கண்டிசனா சொல்லிக்கீறாரும்மா. யாரு கூப்ட்டாலும் போவக்கூடாதாம். அந்தப் புதுப்பொண்ணு கீது, பாத்துக்கும்" என்றாராம். தையல் வலியில் ஜெபாவால் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு மணி நின்றுவிட்டது. யாரோ போய்ப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் தூங்கிவிட்டாள். கெங்கம்மாள் மட்டும் நாற்காலியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

புதுப்பெண் மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள். வந்ததும் ரத்தத்தில் நனைந்த துணியை மாற்றிவிட்டு, இதெல்லாம் சகஜம்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், எது சகஜம், எது சகஜமில்லை என்று? கிருஷ்ணப்பிரியா போனை எடுத்துப் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி தேடினார்கள். வண்டி ஓட்டல் வாசலில் நின்றது. ஏகாம்பரம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கூட்டத்தில் ஊதிக்கொண்டே வந்தாராம். "அவங்க வயித்துல கீற கொழந்தைய எடுத்தாச்சேன்னு எல்லாரும் நிம்மதியா இருந்துக்கினாங்க டாக்டரம்மா, அம்மாக்காரி போறது யாருக்கும் தெரியல" என்று என் வாசலில் நின்று அழுதார். இந்தக் கடிதத்தோடு தபால் வேலையை விடுகிறாராம்.

பக்கத்து அறையில் நடந்தது என்று எழுதினீர்கள். இறந்தவளின் பெயர் ராஜகுமாரி, கிருஷ்ணப்பிரியாவின் அந்த மதிய அறுவை அவளுக்குத்தான். வேப்பம்பட்டில் வீடு. நேற்றுப் போயிருந்தேன். அவர்கள் அமைதியான மனிதர்கள் இல்லை அண்ணா, அவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. ராஜகுமாரியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் பெல்லை அமுக்கிக்கினே இருந்தேம்மா. லைட்டு எரியுது, ஆள் வரல. எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியலியோ?"

அந்த நேரத்தில் நானும் ஒரு மணியை அடித்துக்கொண்டிருந்தேன். அமல்ராஜுக்கு நேரம் முடிந்துவிட்டது, திரையில் 'கண்காணிப்பே உயிர்' என்று எழுதியிருந்தது. நான் அடித்தேன். "ஒரு நிமிஷம் மேடம்" என்று கும்பிட்டார், அரங்கம் சிரித்தது, நானும் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தேன்.

'யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.' இது உங்கள் வாசகம் இல்லை, நான் எழுதியது. மாடிக்குப் புதுப்பெண் ஒருத்திதான் மிச்சம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 'சரி' என்று பதில் போட்டவளும் நான்தான். அதற்குக் கீழே புடவையைப் பற்றி எழுதினேன். என் தங்கை பிழைக்க வேண்டும், மற்றவர்கள் என் கண்ணில் படவில்லை. உங்களை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு தூங்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிருஷ்ணப்பிரியா கையெழுத்துப் போடமாட்டாள். கெங்கம்மாளும் பேசத் தயாராக இருக்கிறார். கடிதங்கள் திரும்பி வராது.

பிப்ரவரிச் சிறப்புரைக்குச் சம்மதிக்கிறேன். தலைப்பு என் இஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். 'யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது' என்று அச்சடியுங்கள். முதலில் நவம்பர் 11 கடிதத்தைத் திரையில் காட்டுவேன், அது என் கையெழுத்து. அடுத்து நவம்பர் 15, அது உங்களுடையது. பிறகு அந்தப் படம். வேப்பம்பட்டிலிருந்து ராஜகுமாரியின் அம்மாவும் வருகிறார், முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். என் வேலை போகும், எல்லம்மா ஃபைலில் என் கையெழுத்தும் வெளியே வரும். வரட்டும், நானும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள்தான்.

இருபத்தைந்து நிமிடம் எனக்குப் போதாது. நீங்கள் மணியடிப்பீர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடியுங்கள் அண்ணா. அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்களைப் போல நானும் அதைக் காதில் வாங்காமல் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஹெலினா